எண்பத்தைந்தில் வரவேண்டிய கிருமி

எங்கள் காசநோய் ஆஸ்பத்திரியில் மருந்து இருந்த நாட்களைவிடத் திட்டம் இருந்த நாட்கள் அதிகம். எழுபத்துமூன்றாம் வருஷம், அம்பத்தூரில் நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். எங்கள் டாக்டர் வீரராகவன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். மருந்துக்கு மசியாத கிருமி வருங்காலத்தில் வந்தால் அரசாங்கம் என்ன செய்வது என்று இரண்டாயிரமாவது வருஷம் வரைக்கும் யோசிக்கிற குழு. ஏழு கூட்டம் நடந்தது. ஏழிலும் மெதுவடை.

திட்டத்தில் மூன்று கட்டம். முதலில் மக்களின் அறியாமையைப் போக்குவது. அப்புறம் ஆய்வு. மசியாத கிருமி தோன்றுவதும், அதற்கு இரண்டாம் வரிசைப் புது மாத்திரை வரவழைப்பதும் மூன்றாம் கட்டம். அது எண்பத்தைந்தில் ஆரம்பம். கிருமிக்குத்தான் நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள்.

கள்ளிக்குப்பத்து நாகப்பன் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தான். எங்கள் ஊசி நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. அவன் ஏழு மணிக்கே பட்டறைக்குள் இருக்க வேண்டும். நாலு மாதம் கெஞ்சிக் கூத்தாடி வந்துபோனான். இருமல் நின்றதும் மேஸ்திரிக்குப் பயந்து நின்றுவிட்டான். உள்ளே மிச்சமிருந்த கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டது. மறுபடி ரத்தமாகக் கக்கிக்கொண்டு வந்தபோது அவன் சளியைப் பட்டணத்துக்கு அனுப்பினோம். ஊசியும் கேட்காது, மாத்திரையும் கேட்காது என்று ரிப்போர்ட் வந்தது.

குழு அதை அறியாமை என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டது. ஊசி நேரத்தை மாற்றலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தட்டச்சருக்குத் தோன்றுவதைக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வழியில்லை.

நாகப்பன் பெண்டாட்டி நாகவல்லி டாக்டர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"திட்டப்படி இந்தக் கிருமி எண்பத்தஞ்சுலதாம்மா வரணும்," என்றார் டாக்டர். "இப்பவே புது மாத்திரை கேட்டா, என் திட்டம் தப்புன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அதுக்கு இன்னும் பன்னண்டு வருசம் கீதே சார். அதுக்குள்ள இவுரு போய்ச் சேந்துடுவாரு."

"அதுவரைக்கும் பழைய ஊசியையே போடுவோம்."

மறுநாள் திட்டத்தை ஸ்டென்சிலில் அடித்தபோது, எண்பத்தைந்து வரவேண்டிய இடத்தில் எழுபத்துமூன்று என்று அடித்தேன். நாகப்பனுக்கு மாத்திரை கேட்டு ஒரு கடிதமும் அடித்து அடியில் வைத்தேன். டாக்டர் கையெழுத்துப் போடும்போது காகிதத்தைப் படிக்கும் வழக்கமில்லை. இரண்டிலும் போட்டார்.

மேலிடத்தில் அசந்துபோனார்கள். எல்லோரும் நாளை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆபத்தை இன்றே கண்டுபிடித்த மேதை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"எழுபத்துமூணுன்னு நான்தானே சொன்னேன்?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்."

அன்றிலிருந்து அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் மாத்திரை வந்தது, நாகப்பன் பெயருக்கு, ஒரு ஆள் அளவுக்கு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டில் பாயசம்கூட வைத்தேன்.

ஆறு வாரம் கழித்து நாகவல்லி மாத்திரை வாங்கிப்போக வந்தாள்.

"எப்படி இருக்காரு?" என்றேன்.

"கொஞ்சம் தேவலாம்மா." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். நெடுநேரம் இருமினாள்.

"உனக்கு எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. எனுக்கும் அதே கிருமிதான்னு சொல்ட்டாங்க. மாத்திரைக்கு எழுதணும்னா குழு கூடணுமாம். டாக்டரு டில்லிக்குப் போய்க்கீறாரு, திட்டத்தப் பத்திப் பேச."

"அதுவரைக்கும் என்ன சாப்பிடறே?"

"இவுருதுதான். வாணாம்னேன், கேக்கல. ஆளுக்குப் பாதி போட்டுக்கினு கீறோம்." சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு பெருமை.

மறுபடி ஒரு கடிதத்தை அடியில் வைக்கலாம். அதற்கும் ஐந்து மாதம் ஆகும். அரை மாத்திரையில் கிருமி சாகாது, பழையதற்குப் பழகியது போல இதற்கும் பழகிவிடும். இதற்கு மேல் கொடுக்க எங்களிடம் வேறு மருந்தே இல்லை. அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். யாருடைய பாதியை நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.