நூறாவது முட்டை

நூறாவது முட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய கம்பளிச் சட்டை ஒன்றில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

கடலை ஆண்ட லாக் லோங் குவான் ஒரு டிராகன். அவர் மலைத் தேவதை ஆவ் கோவை மணந்தார். அவர்களுடைய நூறு முட்டைகளில் தொண்ணூற்றொன்பது பொரிந்தன. ஐம்பது பிள்ளைகள் அம்மாவோடு மலைக்குப் போனார்கள், நாற்பத்தொன்பது பேர் அப்பாவோடு கடலுக்குப் போனார்கள். பொரியாத ஒன்று இரண்டுக்கும் நடுவே, சிவப்பு ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் தங்கிவிட்டது. நாலாயிரம் வருஷமாக எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் தினமும் காலையில் அதைத் திருப்பி வைக்கிறார். இப்போது என் முறை. என் பெயர் லுவான். தொழில் பஞ்சர் ஒட்டுவது.

பிரியும்போது டிராகன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அழைப்புக் கொடுத்தார். கடலைப் பார்த்து "அப்பா, வாங்க" என்றால் போதும், வந்துவிடுவார். அந்த அழைப்பு வாரிசுகளுக்கும் செல்லும். பகைவர் கப்பல்கள் சூழ்ந்தபோது ஒருவர் கூப்பிட்டார். டிராகன் வந்து முத்துகளை உமிழ்ந்தார், அவை இன்றும் ஹா லோங் விரிகுடாவில் தீவுகளாக நிற்கின்றன. தலைநகருக்கு இடம் தேடிய ஓர் அரசர் கூப்பிட்டார். டிராகன் ஆற்றிலிருந்து பொன்னிறமாக எழுந்து இடத்தைக் காட்டினார்.

தொண்ணூற்றொன்பதாவது அழைப்பை ஒரு கல்யாண வீட்டார் செலவழித்தார்கள். சீர்த்தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஏழு தட்டு இருந்தது, ஏந்த ஆறு பேர்தான் இருந்தார்கள். டிராகன் நீள மீசை சொட்டச் சொட்ட வந்து, பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு பெண்வீடு வரை நடந்தார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படி ஒரு மனிதரை, டிராகனை, நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. தீவுகளை விட அந்தப் பாக்குத் தட்டுதான் எனக்குப் பெரிது.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஓர் அழைப்பு. அது முட்டையுடையது.

போன மாதம் வெள்ளம் வந்தது. ஒரு காலையில், கரைக் காவலர் விஞ் அண்ணன் முழங்கால்வரை சேற்றோடு கடை வாசலில் நின்றார்.

"தம்பி, புத்த கோயிலுக்குக் கீழே கரை விரிசல் விட்டிருச்சு. மூட்டை போட்டா மூட்டையும் சேர்ந்து போகுது. மத்தியானம்வரை தாங்காது. மூவாயிரம் வீடு."

"முட்டை இதுவரை பேசினதே இல்லையே, அண்ணா."

"பேச வை."

என் மனைவி துயெத் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். கரையில் ஊரே நின்றது. முட்டையைக் கடல் இருக்கும் திசையில் வைத்தோம். விஞ் அண்ணன் குனிந்து, "அப்பான்னு சொல்லு, சொல்லு" என்று உரக்கக் கத்தினார்.

"குழந்தையை அதட்டாதீங்க" என்ற துயெத் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒருதரம் திருப்பி வைங்க. காலையில அவசரத்துல மறந்துட்டீங்க."

நாலாயிரம் வருஷத்தில் யாரும் மறந்ததில்லை. முட்டையை இரண்டு கையாலும் எடுத்து மெதுவாகத் திருப்பினேன்.

"அப்பா, வாங்க" என்றது முட்டை.

எல்லோரும் கடல் பக்கம் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. விரிசல் வாய் பிளந்து, தண்ணீர் உள்ளே விழத் தொடங்கியது. என் கால்கள் மட்டும் தாமாக நடந்தன. நில் என்றேன், நிற்கவில்லை. கல்யாண வீட்டுத் தட்டுக்குக்கூட டிராகன் ஏன் வந்தார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு வராமல் இருக்க முடியாது.

உடைப்பில் இறங்கிக் குறுக்கே படுத்தேன். ஓட்டையை அடைப்பது எனக்குப் புதிதல்ல. தலை புத்த கோயில் படியில் இருந்தது. கால் இரண்டாவது மதகு வரை எட்டியது.

"இன்னும் கொஞ்சம் நீட்டு, தம்பி" என்றார் விஞ் அண்ணன். மூன்றாவது மதகு வரை நீட்டினேன். தண்ணீர் நின்றது.

என்னைக் கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. மேலே மேகம் கறுத்துத் தூறல் விழுந்தது.

"அழாதே, ஆறு ஏறுது" என்றார் அவர். அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை துயெத் சாப்பாடு கொண்டுவந்தாள். காலிலிருந்து தலைக்கு வர வண்டியில் கால் மணி நேரம் ஆனதாம். இலையில் கட்டி அவித்த சோற்றைப் பிரித்து ஊட்டினாள். பிறகு முட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"திருப்பி வைங்க. நேரமாச்சு."

கைகள் வெகு தூரத்தில் இருந்தன. மீசையால் திருப்பி வைத்தேன். முந்தின நாள்வரை எனக்கு மீசை கிடையாது.