பாய்தெமிரின் நான்காம் படம்

மூன்றாவது படம் முடிந்தபோது அதன் நாயகன் பாய்தெமிர் மலைமுகட்டில் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். படம் முடிந்து, விளக்குகள் எரிந்து, ஜனங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் திரையில் தொங்கிக்கொண்டேயிருந்தான். அது 1985 நவம்பர். துஸ்பெல் என்ற மலையூரின் ஒரே கொட்டகையில் ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்தினார், ஃபியூஸைப் பிடுங்கினார், மறுநாள் படச்சுருளையே பெட்டியில் போட்டு லாரி ஏற்றி அனுப்பினார். அவன் போகவில்லை. கட்சி அலுவலகத்து ஆட்கள் வந்து திரைத்துணிக்கு இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தார்கள். ஈரம் காய்வதற்குள் முதலில் தொப்பி தெரிந்தது, பிறகு கயிற்றை இறுக்கிய விரல் முட்டிகள் தெரிந்தன. அதைப் பார்த்த மாவட்ட அதிகாரி இரண்டு நாள் லீவு போட்டார். ஊரும் ஒரு மாதம் பேயறைந்ததுபோல் கிடந்தது. பிறகு உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தது, வைக்கோல் தட்டுப்பாடு வந்தது, சோவியத் தேசமே இல்லாமல் போனது, இவனைப் பார்த்து அதிர்ச்சியடைய யாருக்கும் நேரமில்லை. அவனுக்குத் தாடி வளர்ந்தது. ஜனவரியில் வாயிலிருந்து ஆவி வந்தது. கல்யாண ஜோடிகள் அவனுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அவன் மனைவி அதே ஊரில் இருந்தாள் என்பதுதான் சிக்கல். பெயர் புருல்சா. மூன்றாம் படத்தை ஊருக்கு மேலேயுள்ள மேய்ச்சல் நிலத்தில் எடுத்தார்கள். பாய்தெமிர் ஓர் இடையன் மகளைத் தூக்கிக் குதிரையில் குறுக்கே போட்டுக்கொண்டு பறப்பதாகக் கதை. பத்தொன்பது வயதில் பால் கறந்துகொண்டிருந்த புருல்சா தூக்குவதற்கு லேசாக இருந்தாள் என்று டைரக்டர் அவளைப் பிடித்துப் போட்டார். கல்யாணக் காட்சிக்கு ஊரில் ஓதத் தெரிந்த அதகான் கிழவரை அழைத்தார்கள். நிக்காஹ் ஓதுவது அந்தக் காலத்தில் மறைவாகச் செய்கிற காரியம், கிழவருக்கு அதைப் பொய்யாக ஓதத் தெரியாது. நிஜமாகவே ஓதினார். இரண்டு சாட்சிகள் உட்கார்ந்தார்கள், பெண்ணின் தலையில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது, ஒரே கிண்ணத்துத் தண்ணீரை இருவரும் குடித்தார்கள். அன்றைக்கென்று பனி விழுந்து பாதை மூடிக்கொண்டது. புருல்சா சமையல்காரியின் கம்பளிக் கூடாரத்தில் படுத்திருந்துவிட்டு மறுநாள் வெள்ளைத் துணியோடு இறங்கி வந்தாள். வாசலில் நின்ற அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைத் துணி ஏறி, ஓர் இரவும் வெளியே தங்கியாயிற்று, இனி அவள் கல்யாணமானவள் என்று ஊர் சொல்லிவிட்டது. யாருடைய மனைவி? நடிகருக்குத் தலைநகரில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். கிழவர் ஓதியதும் நடிகர் பெயரில் அல்ல. ஆகவே அவள் பாய்தெமிரின் மனைவி. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, ஊரில் யாரும் சிரிக்கவும் இல்லை.

பதினோரு வருஷம் அவளை ஒருவனும் நெருங்கவில்லை. ஊரில் மற்ற பெண்களைக் கட்டிக்கொள்வதற்காகக் குதிரையில் தூக்கினார்கள், பிறகு காரில் தூக்கினார்கள், புருல்சாவின் வாசலில் மட்டும் எந்தச் சக்கரமும் நிற்கவில்லை. 1996-இல் படக் கம்பெனி மூடப்பட்டு நாற்காலி மேசை அடுக்கும் கிடங்காகிவிட்டது என்று செய்தி வந்தது. இனிப் படம் கிடையாது, இனி அவன் இறங்கப்போவதும் கிடையாது. அப்படியானால் அவனை இறந்தவனாகக் கொண்டு நினைவு விருந்து வைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ஒரு குதிரையை அறுத்து, கொட்டகை முற்றத்தில் கொப்பரை ஏற்றி, குர்ஆன் ஓதி, இருநூறு பேர் சாப்பிட்டார்கள். கதவு திறந்திருந்தது. தனக்கான விருந்தைத் தொங்கியபடியே அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். இறைச்சி வாசனை உள்ளே போனதும் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டான் என்று சொல்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் புருல்சாவை வேன் ஓட்டும் கல்முரத் கட்டிக்கொண்டான். பாய்தெமிர் வசனங்கள் மூன்று படத்துக்கும் மனப்பாடம் அவனுக்கு. குதிரைக்காரன்போல் வேனை ஓட்டுவான். மூன்று குழந்தைகள். மூத்தவள் அய்தாய்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், தலைநகரத்து இளைஞர்கள் நான்காம் படம் எடுக்கிறார்கள் என்ற செய்தி வேன் நிறுத்தத்து டீக்கடைக்கு வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. படம் ஓடாது என்ற கட்சிக்குக் கல்முரத் தலைவன், ஓடும் என்ற கட்சிக்கு மாட்டு டாக்டர் துர்தாகுன். டைரக்டர் செத்தாயிற்று, பாய்தெமிரின் சாம்பல் குதிரை செத்தாயிற்று, நடிகருக்கு எழுபத்தொன்று, மூட்டு வலி, முகத்தைக் கம்ப்யூட்டரில் தேய்த்து இளசாக்கப் போகிறார்களாம், எதை நம்பிப் பார்ப்பது என்று கல்முரத் விரல்விட்டு அடுக்கினான். முப்பத்துநாலு வருஷப் பசி இருக்கிறதே, பழைய ரொட்டியைப் போட்டாலும் ஜனம் தின்னும் என்றார் துர்தாகுன். டீ ஆறிப் போனது, வேன்கள் நேரம் தப்பின, பயணிகளும் இறங்கி வந்து ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

"கல்முரத்து, ஒரு உண்மையைச் சொல்லு. உனக்குப் படம் ஓடக்கூடாதுங்கிறது இல்ல, அவன் இறங்கக்கூடாது, அதானே?" என்றார் துர்தாகுன்.

"ஏன் டாக்டரே, மாட்டுக்கு ஊசி போட்டது போதாதுன்னு எனக்கும் போடுறீங்களா?"

"போடுறேன், வாங்கிக்கோ. அவன் உசுரோட இறங்கிட்டான்னா நீங்கல்லாம் தின்ன விருந்து செல்லாது. விருந்து செல்லாதுன்னா உன் கல்யாணம் செல்லாது. நீ அடுத்தவன் பெண்டாட்டியோட இருபத்திரண்டு வருஷமா குடித்தனம் பண்ணிட்டிருக்கே."

கடை குலுங்கிச் சிரித்தது. கல்முரத்துக்குத் தலையில் இடி விழுந்தது. சிரித்தவர்களும் அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டார்கள், ஏனென்றால் டாக்டர் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதகான் கிழவரின் மகனிடம் கேட்டார்கள். இவரும் ஓதுகிறவர்தான். "படம் வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் கல்முரத் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் மத்தியானம் ஆட்டு மயிர் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனான். ஏணி வைத்துத் திரையில் ஏறி, கயிறு இருக்குமிடத்தில் கத்தரியை வைத்தான். துணிக்கடியில் கயிறு விறைத்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. கீழே பார்த்தால் பாய்தெமிர் அவனையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் பீளை, உதட்டில் வெடிப்பு. பத்து வயதில் இவனைப்போல் ஆகவேண்டுமென்று கூரையிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டவன் கல்முரத். அறுக்க மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். புருல்சா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், ஏணி எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

அக்டோபரில் படத்தை, மூன்றாம் படம் எடுத்த ஊரிலேயே முதலில் காட்டுவது என்று இளைஞர்கள் இயந்திரத்தோடு வந்தார்கள். திரையைப் பார்த்ததும் அவர்கள் முகம் வெளுத்துப்போனது. "அவன் எப்பவும் அங்கதான் இருப்பான் தம்பி, மறைக்காது, நீங்க ஓட்டுங்க" என்று கொட்டகைக் காவலாளி தைரியம் சொன்னார். ஊரே வந்திருந்தது. அதுவரை கொட்டகைப் பக்கம் திரும்பியே பார்க்காத புருல்சாவும் வந்தாள், கல்முரத்துக்கும் அய்தாய்க்கும் நடுவில் உட்கார்ந்தாள். கல்முரத் அவள் சால்வை நுனியைக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டிருந்தான்.

படம் தொடங்கியது. கம்ப்யூட்டரில் தேய்த்த புது பாய்தெமிர், கன்னம் வழுவழுவென்று, திரையின் இடதுபக்கம் குதிரையில் வந்தான். அந்தக் கயிற்றில் நான் ஒரு நொடியில் ஏறிவிட்டேன் என்று நண்பனிடம் சொல்லிச் சிரித்தான். வலதுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தவன் முப்பத்துநாலு வருஷத்தில் முதன்முறையாகக் கழுத்தை முழுசாகத் திருப்பினான். அவன் முகத்தில் தெரிந்த திகைப்பை அங்கிருந்தவர்கள் இன்றுவரை மறக்கவில்லை. தான் ஏறிவிட்டதாக அவனுக்கு யாரும் சொல்லவில்லை. துர்தாகுன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அரைமணி நேரம் இப்படிப் போனது. அப்புறம் புது பாய்தெமிர் ஓர் இடையன் வீட்டுக்கு வந்தான். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வாளியோடு வெளியே வந்தாள். அவன் குனிந்து அவளைத் தூக்கிக் குதிரையில் குறுக்கே போட்டான். பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

புருல்சா எழுந்தாள். கல்முரத்தின் கையிலிருந்து சால்வை உருவிக்கொண்டு போனது. அவள் நேராகத் திரைக்குப் போய், புதியவனைச் சட்டைகூடச் செய்யாமல், தொங்குகிறவனின் காலடியில் நின்றாள்.

"போதும்யா. காலைக் கீழ வை."

அவன் அவளைப் பார்த்தான்.

"என்ன முழிக்கிறே? படம் எடுக்கறப்ப நான்தான் பக்கத்துல நின்னேனே, எனக்குத் தெரியாதா? உன் காலுக்குக் கீழ ஒரு முழம்கூடக் கிடையாது. மெத்தை போட்டிருந்தாங்க. கேமராவுல காட்டல, அவ்வளவுதான். இறங்கு."

அவன் முதலில் இடது காலை நீட்டினான். திரையின் கீழ் விளிம்பைத் தாண்டி, மேடைப் பலகையில் டொக்கென்று பூட்ஸ் பட்டது. அடுத்து வலது கால். புழுதி கிளம்பி முதல் மூன்று வரிசைகள் இருமின. கயிறு மட்டும் திரையில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவன் நரைத்த தாடிக்காரன், ஒல்லி, இரண்டு கைகளும் தலைக்கு மேலே தூக்கியபடி விறைத்திருந்தன. கீழே இறக்கப் பார்த்தான், முடியவில்லை. புருல்சாவைக் கும்பிடுவதுபோல் குனிந்தான். "ரொம்ப நன்றிக்கா" என்றான். அவ்வளவுதான் பேசினான். யாரும் பார்க்காமலேயே நான்காம் படம் பின்னால் ஓடி முடிந்தது.

வீட்டுக்கு வந்த கல்முரத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றான். கடைசியில் கேட்டுவிட்டான்.

"இறங்கிட்டானே. அப்ப நீ அவனுக்குத்தானே..."

"நிக்காஹ்ல பொண்ணு சம்மதம்னு சொல்லணுமில்ல? நான் வாயே திறக்கல. படத்துல கேக்குதே ஒரு குரல், அது தலைநகரத்துல எவளோ ஒருத்தி பேசினது. கிழவருக்குக் காது மந்தம், தலையாட்டிட்டாரு. இதெல்லாம் கல்யாணமா?"

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? படம் ஓடுமா, ஓடாதா, கயிறு தாங்குமா, தாங்காதான்னு டீக்கடையில கத்தினீங்களே, பக்கத்துல நின்னவ ஒருத்தி இருக்காளேன்னு யாருக்காவது தோணிச்சா?" சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். "அதோட, அவன் தொங்குற வரைக்கும் என்னை எவனும் தூக்கல. என் கூடப் படிச்சவள்ல ஏழு பேரைத் தூக்கிட்டுப் போனாங்க. நான் பதினோரு வருஷம் நிம்மதியா மாடு கறந்தேன். அப்புறம் ஒரு வேன்காரனைப் பிடிச்சுப் போச்சு. விருந்து வைக்கலாம்னு முதல்ல பேச்சை எடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க?"

படங்கள் மூன்றும் மனப்பாடமானவனுக்கு அப்போது சொல்ல ஒரு வசனமும் அகப்படவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டியை எடுத்தான்.

நான்காம் படம் தலைநகரத்தில் எட்டு நாள் ஓடியது. அது வெற்றியா தோல்வியா என்று டீக்கடை இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் இப்போது பக்கத்தில் நின்றால் அய்தாயையும் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். பாய்தெமிர் ஆபரேட்டர் அறையில் குடியிருக்கிறான். கைகள் இறங்கவில்லை. ஆகவே செப்டம்பரில் ஏணி இல்லாமல் ஆப்பிள் பறிக்கத் தோட்டக்காரர்கள் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள், நாளுக்கு இருபது பெட்டி பறிப்பான், சாப்பாடு மட்டும் யாராவது ஊட்டவேண்டும். அவனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது கல்முரத்தின் வேன். உள்ளே கைகள் இடிப்பதால் கூரையில் ஒரு துவாரம் வெட்டியிருக்கிறான். ஏரிக்கரைச் சாலையில் கூரைக்கு மேல் இரண்டு கைகள் நீட்டியபடி வேன் போகும்போது எதிரே வருகிறவர்கள் பதிலுக்குக் கையசைத்துவிட்டுத் தங்கள் வழியில் போகிறார்கள்.