பென்சில் குறி இல்லாத பக்கம்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. மூன்று நாள் முயன்றேன், வரவில்லை. முப்பது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதியவளுக்கு "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பிக்காமல் எதையும் எழுத வராது. கதை கொஞ்சம் வரும். இரண்டு மூன்று பத்திரிகைகளில் வெளிவந்தும் இருக்கிறது. ஆகவே கடிதத்தைக் கிழித்துவிட்டுக் கதைக்கு வந்தேன்.

முதல் வரைவின் முதல் வரி இது:

"மாவட்டக் கல்வி அதிகாரி நேர்மையானவர், கண்டிப்பானவர், அவருக்குத் தலைக்கு மேல் வேலை."

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"ஏன்?"

"இரங்கல் செய்தி மாதிரி இருக்கே."

அந்த வரைவில் அதிகாரி ஓர் ஆண். வழுக்கை, தடித்த கண்ணாடி எல்லாம் கொடுத்திருந்தேன். அவர் செய்த காரியத்துக்கு அவரே வெட்கப்பட்டுக்கொள்ளட்டும் என்று எண்ணம். பத்து பக்கம் போயும் மனிதர் வெட்கப்படவில்லை. அவரை நீக்கிவிட்டேன். அதிகாரி நான்தான்.

2

மாவட்டக் கல்வி அதிகாரி என்னதான் செய்வார்? என் மாவட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு பள்ளிகள். எதிலும் நான் பாடம் நடத்துவதில்லை, எந்தக் குழந்தையின் பெயரும் எனக்குத் தெரியாது. கூரை ஒழுகினாலும், ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனாலும், இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கினாலும் எல்லாம் தாளாக மாறி என் மேசைக்கு வரும். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூரையில் ஒருவர் ஏறுவார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பைக் கொண்டுவரும் பிரிவு உதவியாளர், நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டிருப்பார். குறி இருந்தால் அந்தப் பக்கத்தை அவர் படித்துச் சரிபார்த்துவிட்டார் என்று அர்த்தம். நான் பக்கத்தைப் படிக்க மாட்டேன், குறியைத் தேடுவேன். கையெழுத்து விழுந்ததும் அவர் ரப்பரால் குறியை அழித்துவிடுவார்.*

* இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் விசாரணையில் எனக்குக் கைகொடுத்தது. கீழே வரும்.

அந்த உதவியாளரை அலுவலகமே 'அக்கா' என்று கூப்பிடும். நானும்தான், என்னைவிட ஏழு வயது மூத்தவர். இங்கே அவரைப் பற்றி ஒரு வர்ணனை வேண்டும். எழுதிப் பார்த்தேன்: "களைத்த கண்களும், காலம் கோடு போட்ட..."

இல்லை. அவரைப் பாவமாகக் காட்டினால் எனக்குத்தான் சுலபம். அக்கா சத்தமாகச் சிரிப்பவர். தட்டச்சில் வரும் பிழைகளையெல்லாம் ஒரு நோட்டில் சேர்த்துவைத்து, மதியம் சாப்பிடும்போது செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார். மின்விசிறி தன் பக்கம் திரும்பாவிட்டால் யாராக இருந்தாலும் சண்டைதான்.

3

இரண்டு தொடக்கப் பள்ளிகளை இணைக்கும்படி உத்தரவு வந்தது. சின்னப் பள்ளியின் முப்பத்தொரு குழந்தைகள் இனிமேல் பெரிய பள்ளிக்கு நடந்து போக வேண்டும். இதற்கு ஒரு படிவம் இருக்கிறது. குழந்தைகள் போகும் வழியில், அவர்கள் போகும் நேரத்தில், அதிகாரியே நடக்க வேண்டும். பிறகு "நடந்து பார்த்தேன், பாதுகாப்பானது" என்று சான்று தர வேண்டும். நல்ல விதி. யாரோ நடந்து பழகியவர் எழுதியிருக்கிறார்.

அந்த மாதம் அப்படிப் பதினொரு படிவங்கள். பத்தில், அக்கா அந்தந்தத் தலைமை ஆசிரியர்களிடம் விசாரித்துக் குறி போட்டிருந்தார். ஒரு வழியிலும் நடக்காமல் பத்திலும் கையெழுத்திட்டேன்.

பதினொன்றாவதில் குறி இல்லை.

"அக்கா, இதுல குறி போட மறந்துட்டீங்க."

"மறக்கல மேடம்."

"அப்புறம்?"

"வழியில ஒரு கிடங்கு இருக்காம். காலையில லாரியெல்லாம் ரிவர்ஸ்லயே ரோட்டுக்கு வருமாம். நடைபாதையும் கிடையாது. எட்டரை மணிக்கு ஒரு தடவை போய் பாத்துட்டு வந்துடுங்களேன். நானும் கூட வரேன்."

"எட்டரைக்கு எனக்கு இயக்குநரோட கூட்டம். தினமும் இருக்கு."

"அப்போ அடுத்த வாரம் போடுங்க. அதுக்குள்ள ஒண்ணும் குடி முழுகிடாது."

"எங்க கையெழுத்துப் போடணும்னு எனக்குத் தெரியும் அக்கா."

போட்டேன். பேனாவை மூடும்போது ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது, குறி இல்லாமலே சரியான இடத்தில் போட்டுவிட்டேன் என்று. இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

4

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன்.)

முதல் முறை விபத்தே நடக்கவில்லை. லாரி ஓட்டுநர் சரியான நேரத்தில் பிரேக் போட்டார். இரண்டாவது முறை, அந்த வழியில் நடந்துபோன ஒரு சிறுமியைக் கொன்றுவிட்டேன். வெள்ளைத் துணி, தாயின் ஓலம், வாசலில் ஒற்றைச் செருப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எழுதிவிட்டு நானே அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அதனாலேயே அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். அவள் சாகவில்லை. லேசாகும் உரிமை எனக்கு இல்லை.

நடந்தது இதுதான். இணைப்புக்குப் பிறகு ஒன்பதாம் நாள், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் இடது கை, பின்னால் நகர்ந்து வந்த லாரிக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. அவள் இடது கையால் எழுதுகிறவள்.

மருத்துவமனைக்குப் போனேன். போய்ப் பார்ப்பது அதிகாரியின் கடமை. அவளுடைய அம்மா தையல் கடையில் வேலை செய்பவர். என்னைக் கண்டதும் எழுந்து, அறையில் இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

"இவ்வளவு பெரிய வேலையில இருந்துக்கிட்டு நீங்களே வந்து பாத்தீங்களே, அதுவே போதும்மா."

இந்த இடத்தில் அதிகாரி மனம் உடைந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல காட்சியாக வந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

5

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. நடக்காமல் எப்படிக் கையெழுத்திட்டீர்கள் என்று கேட்டார்கள்.

"எங்க அலுவலக வழக்கப்படி, சரிபாத்த பக்கத்துல உதவியாளர் பென்சில் குறி போடுவாங்க. இதுல அவங்க குறி போடவே இல்ல. சரிபாக்காத தாள் மத்த பத்தோட கலந்து என் மேசைக்கு வந்துடுச்சு."

ஒவ்வொரு சொல்லும் உண்மைக்குப் பக்கத்து வீடு. கையெழுத்துப் போடாதீர்கள் என்று அக்கா எனக்குச் சொன்ன எச்சரிக்கையை, அவருடைய அலட்சியமாக மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார். குறி போட்டீர்களா என்று கேட்டார்கள். "போடல" என்றார். ஏன் என்றார்கள்.

"மேடத்துக்குத் தெரியும்."

குழு என் பக்கம் திரும்பியது. அக்காவும் திரும்பினார். நான் சொல்வேன் என்றுதான் அந்த முகம் காத்திருந்தது, சத்தியமாக.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்குப் பதவி இறக்கம், ஆவண அறைக்கு மாற்றம். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது.

6

திங்கட்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், வெள்ளிக்கிழமை என்னோட மேல்முறையீடு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. வழி ஆபத்துன்னு முன்னாடியே உங்ககிட்ட சொன்னேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. போதும்."

"எழுதினா என் வேலை போயிடும் அக்கா."

"தெரியும். இங்க என்கூட உக்காந்து யாரும் சாப்பிடறதில்ல மேடம். அந்தப் பொண்ணு கை போனதுக்கு நான்தான் காரணம்னு நினைக்கறாங்க. எங்க அண்ணன்கூட கேட்டுட்டாரு, ஏன் கவனிக்காம விட்டேன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

பார்க்கலாம் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். அலுவலக மொழியில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

7

முடிவுகள்.

அ) அதிகாரி எழுதிக் கொடுக்கிறாள். அக்கா பழைய மேசைக்குத் திரும்புகிறார். சிறுமி வலது கையால் முதல் எழுத்தை எழுதுகிறாள். (வீட்டுக்காரர்: "பாட்டு எங்க வருது?")

ஆ) அக்கா அதிகாரியை மன்னித்துவிடுகிறார். (அவர் வாயில் இந்த வசனத்தை வைக்க நான் யார்?)

இ) அதிகாரி எழுதிக் கொடுக்கவில்லை. வருடங்கள் ஓடுகின்றன. அக்கா ஓய்வு பெறுகிறார், சிறுமி வளர்கிறாள், எல்லோரும் மெல்ல மெல்ல

(இதுதான் தங்குதடையில்லாமல் வந்தது. பயந்துபோய் நிறுத்தினேன்.)

8

இதுவரை எழுதியதை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

"அவங்க கேட்டது ஒரு வரி. நீ எதுக்கு இவ்வளவு பக்கம் எழுதிட்டு இருக்க?"

தாள்களை வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரு வரி இதோ: வழி ஆபத்தானது என்று உதவியாளர் என்னிடம் சொன்னார், நான் கேட்கவில்லை, நடக்கவில்லை, கையெழுத்திட்டேன்.

எழுதிவிட்டேன். ஆனால் கதைக்குள் எழுதியிருக்கிறேன். கதையில் இருக்கும் வரியை எந்தக் குழுவும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. அது தெரிந்துதான் இங்கே எழுதினேன்.

இன்று வியாழக்கிழமை. நாளை பதினொரு மணிக்கு விசாரணை. "இது உன் கதையா?" என்று யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், ஆமாம் என்பேன். நானாகப் போய்ச் சொல்லும் தைரியம் இல்லை, கேட்டால் மறுக்காத அளவுக்குத்தான் இருக்கிறது. கேளுங்கள். கேட்க மாட்டீர்கள் என்றும் மனசின் ஓர் ஓரத்தில் நம்பிக்கொண்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.