சாயத்தண்ணீருக்கு ஒரு பந்தல்

செத்துப்போன பிறகும் வேணுகோபால் மனைவி கமலாட்சிக்கு வேலை வைத்துக்கொண்டுதான் இருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அவருடையது. மாடியில் ஆழமில்லாத கண்ணாடித் தொட்டிகள். உள்ளே வெள்ளையாய் ஒரு பூச்சு. அதில் வெயில் பட்டால் கழிவுத் தண்ணீரிலுள்ள சாயம் சிதைந்து தண்ணீர் தெளிந்துவிடும் என்பார். அவர் இருந்தவரை தெளியத்தான் செய்தது. போனபின், அரக்கு நிறத்தில் ஏறிய தண்ணீர் அரக்காகவே இறங்கி வந்தது.

இன்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சத்யப்ரியா வருகிறார். தெளியாவிட்டால் பட்டறைக்குச் சீல்.

"யோவ், பூச்சுன்னு சொல்லி எவனோ சுண்ணாம்பை உன் தலையில கட்டிட்டான்யா," என்று மாலை போட்ட படத்தைத் திட்டினாள் கமலாட்சி. படம் பல்லைக் காட்டியது.

தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்குப் பிறகு அவள் மாடி ஏறவில்லை. எல்லாம் சாயக்காரன் பூவராகவன் பொறுப்பு. இன்று வேறு வழியில்லாமல் அவனையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

தொட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூங்கில் நட்டு, மேலே நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது.

"இன்னாபா இது?"

"பந்தல் அண்ணி. அண்ணன் போனதும் நாந்தான் போட்டேன். சாயத்தை வெயில்ல வுட்டா வெளுத்துப் போவாது?"

சாயம் போட்ட நூலை நிழலில்தான் உலர்த்த வேண்டும். அவன் தொழிலில் முதல் பாடமே அதுதான். கமலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாடியில் சிரிப்போம் என்று அவள் நினைத்ததில்லை.

"வெளுக்கணும்னுதானேபா அந்த மனுசன் இங்கயே கெடந்தாரு. ஊர்வலத்துல வரதருக்குக் குடை புடிக்கிறோம், சரி. சாக்கடைக்குமா?"

"அண்ணன் எனக்குச் சொல்லவே இல்லியே."

"யாருக்குத்தான் புரியற மாதிரி சொன்னாரு அவுரு?"

பந்தலை அவிழ்த்து முடிப்பதற்குள் சத்யப்ரியா வந்துவிட்டார். தொட்டியில் சிவப்பைப் பார்த்ததும் சீலை எடுக்கப் பையைத் திறந்தார்.

"வெயில் இப்பதான் மேடம் பட்டுது," என்றாள் கமலாட்சி. "முசரவாக்கத்துல இருக்கிற பட்டறைங்கள பாத்துட்டு சாயந்தரம் வாங்க. அப்பவும் செவப்பா இருந்தா நானே சீல் வெக்கிறேன்."

புருஷன் விழுந்த இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அரக்கு ரோஸாகி, ரோஸ் வெளிறிக்கொண்டு போனது. ஒருமுறை அழுதாள், வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

சாயந்தரம் சத்யப்ரியா பாட்டிலில் தண்ணீர் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவருடைய நகப்பூச்சுதான் சிவப்பாகத் தெரிந்தது.

"லேப் ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் ஓட்டுங்க," என்றவர், கமலாட்சியின் முகத்தைப் பார்த்தார். "நாள் பூரா வெயில்லயா இருந்தீங்க?"

"எழுந்து போனா இவன் மறுபடி பந்தல் போட்டுடுவான் மேடம்."