ஈர ஜல்லியில் ஊற்றிய தார்

1

இந்தக் கதை என் அறியாமையில் பிறந்தது. தார் ரோட்டுக்குள் தண்ணீர் இறங்காது என்றுதான் நம்பியிருந்தேன். சாலைப் பணியாளர் ஆறுச்சாமி சிரித்துவிட்டார்.

"இறங்குமுங்க. வெடிப்புல பூந்து ஜல்லிக்கும் தாருக்கும் இருக்கற புடிப்ப எடுத்துரும். பஸ் சக்கரம் அமுக்குனா திரும்ப மேல வருமுங்க."

திருப்பூரில் அது நிறத்தோடு வரும். முதலிபாளையம் பக்கம், சாயத்தண்ணீர் வாய்க்காலை ஒட்டிய ரோட்டில் ஒருநாள் நீலம் கசியும், ஒருநாள் சிவப்பு. சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறதென்று ரோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

2

1994 ஐப்பசி மழையில் வானம்...

(வேண்டாம். மழையை வர்ணித்தால் கதை நகராது.)

அந்த ரோட்டில் ஒரு குழி. உள்ளே ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது.

"ஈர ஜல்லியில தார் புடிக்காதுங்க. காயட்டுமுங்க" என்றார் ஆறுச்சாமி.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாருங்க. ஊத்துங்க" என்றார் மேஸ்திரி.

ஊற்றினார். இந்த இடத்தில் ஆறுச்சாமி மேஸ்திரியை எதிர்த்துப் பேசுவதாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சுத்தப் பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.

3

நான்காம் நாள் காலையில் அந்தத் தார் ஒட்டு பெயர்ந்து கிடந்தது. ஆறுச்சாமியின் மனைவி வேலாத்தாளின் தம்பி மயில்சாமி, மொபெட்டில் பனியன் கம்பெனிக்குப் போனவன், அந்தக் குழியில் சக்கரம் இறங்கித் தூக்கி எறியப்பட்டான். ஆளும் வண்டியும் ஓரத்துப் பள்ளத்தில், முள்செடி மறைவில். ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ரத்தம் மட்டும் பரவியிருந்தது.

ஒரு மணி நேரம் யாரும் நிற்கவில்லை. சாயத்தண்ணீர் என்று நினைத்துக் கடந்து போனார்கள். வேறு ஊராக இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

டவுன் பஸ்ஸில் ஆறுச்சாமியும் அதைக் கடந்தார். எட்டிப் பார்த்தவர், பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "இன்னைக்குச் செகப்பு ஓடுதாட்ட இருக்குதுங்க" என்று...

(முடிக்க மனம் வரவில்லை. ஆனால் சொன்னார்.)

4

கருமாதி முடிந்த மறுநாள் வேலாத்தாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அன்னைக்கு நீங்க அந்த வழியாத்தானுங்களே போனீங்க. கண்ணுல ஒண்ணும் படலீங்களா?"

முதல் முடிவில் அவர் "இல்ல" என்கிறார். அடித்தேன். இரண்டாவதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதையும் அடித்தேன். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. என்னால் ஆகாது, நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ரத்தினசாமி நேற்றே துக்கம் விசாரிக்க வந்து, வேலாத்தாளிடம் அந்த பஸ் பயணத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஆறுச்சாமிக்கு அது தெரியாது.