நீவக் கூடாத வயிறு

பிள்ளையார்பாளையத்தில் எந்தக் குழந்தைக்குக் குடலேற்றம் என்றாலும் லோகாம்பாளைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றை நாலு நீவு நீவினால் பிள்ளை எழுந்து சோறு கேட்கும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று வாய்விட்டே கேட்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்தப் புருஷன் வயிறு மட்டும் பிடிபடவில்லை. கலியாணசுந்தரம் தறியில் குனிவான். நெய்த சேலையைச் சுற்றும் மரம் வயிற்றில் அழுந்தும். உடனே நெஞ்சு படபடக்கும், தலை பிளக்கும், வியர்த்துக் கொட்டும். வேலைக்கு வளையாத உடம்பு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். லோகாம்பாள் அவனைப் படுக்கவைத்து நீவினாள். படபடப்பு அதிகமானது. இன்னும் அழுத்தி நீவினாள். இப்படியே ஆறு மாதம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ஆவணியில் ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் உமாபதி அவன் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு வயிற்றை லேசாக அமுக்கினார். ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவியில் பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. சட்டென்று கையை எடுத்தார். லோகாம்பாளைத் தனியாக அழைத்தார்.

"உள்ள கட்டி இருக்கும்னு நெனைக்கிறேன்மா. லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. அமுக்கினா ரத்தக்கொதிப்பு எகிறி உயிருக்கே ஆபத்து."

"எந்தப் பக்கம் டாக்டர்?"

"எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. உள்ள இருக்கிறதை அப்படியே காட்டுற மெஷினை இன்னும் யாரும் செய்யல. மெட்ராஸ்ல வயித்தைத் திறந்து தேடித்தான் பாக்கணும். திங்கக்கிழமை போங்க. அதுவரைக்கும் யாரும் அவர் வயித்துல கை வெக்கக் கூடாது."

"ஆறு மாசமா நான் நீவிக்கினு இருந்தேனே..."

டாக்டர் குனிந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். லோகாம்பாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரண்டு படுத்தவனுக்கு மறுபடி படபடப்பு வந்துவிட்டது. பாய் நனைந்தது. உதடு வெளுத்தது.

"லோகா, தாங்க முடியல. கொஞ்சம் நீவி வுடு."

"வேணாங்க. நாளைக்கு மெட்ராஸ் போயிடலாம்."

"ஊருக்கெல்லாம் செய்யிறே. எனக்கு மாட்டியா?"

அவள் கையைப் பிடித்து வயிற்றுப் பக்கம் இழுத்தான். அவள் பிடுங்கிக்கொண்டாள். அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

"நான் நீவினதாலதாங்க உங்களுக்கு இவ்ளோ ஆயிப்போச்சு! என் கைதாங்க!"

கலியாணசுந்தரம் கண்ணைத் திறக்கவில்லை. அவள் விரல்களைத் தடவித் தேடினான்.

"சரி, அழாத. மெதுவா நீவு."