பஹிய்யா கறிக்கடைக்கு அடியில் நிற்கிறாள்

சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்குப் பெண் பெயர் வைப்பது அவர்கள் வழக்கமாம். எங்களுக்கு வாய்த்தவள் பெயர் பஹிய்யா. ஜும்மைஸ் தெருவில் கறிக்கடைக்கு அடியில், நல்ல ஆழத்தில், அவள் வந்து நின்றுகொண்டிருந்தாள். கறிக்கடையை அடுத்து எங்கள் கட்டடம். அதன் நாலாம் மாடியில் இன்ஷிரா இருந்தாள். அவள் கீழே இறங்கினால்தான் பஹிய்யா முன்னால் போக முடியும். இருவரில் யார் முதலில் அசைவார்கள் என்று கெய்ரோவே காத்திருந்தது என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். மெட்ரோ ஆபீஸ் காத்திருந்தது.

முதலில் போட்ட வரைபடத்தில் பாதை பெரிய சாலைக்கு அடியிலேயே நேராகப் போனது. அங்கே யாருக்கும் நினைவில்லாத ஒரு பழைய சாக்கடைக் குழாய் குறுக்கே கிடக்கவே, கோட்டைக் கொஞ்சம் வளைத்தார்கள். இன்ஜினியர் பாசிம் அதை எனக்கு வரைபடத்தில் காட்டினார். நகத்தின் அகலம்கூட இல்லை. அந்த நகத்துக்குள் நாங்கள் பதினோரு குடும்பம் இருந்தோம்.

கட்டடம் என் வயதுடையது, பழசு. இயந்திரம் அடியில் கடக்கும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். படிக்கட்டுச் சுவரெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிகள் ஒட்டி, எதிர்மாடியில் ஒரு கருவியை வைத்து, கட்டடம் மயிரிழை அசைகிறதா என்று பார்த்தார்கள். எங்களை நாலு நாள் நைல் கரை ஹோட்டலில் வைக்கிறோம், மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு என்றார்கள். முதல் மாடிப் பல் டாக்டர் ஷெனூதா அன்று சாயங்காலமே நீச்சலுடை வாங்கி வந்துவிட்டார். அந்த ஹோட்டலில் நீச்சல் குளம் கிடையாது.

இன்ஷிரா மட்டும் வரமாட்டேன் என்றாள்.

காரணம் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் இருப்பது பழைய வாடகை வீடு. ஒப்பந்தம் அவளுடைய அம்மா பெயரில். மாத வாடகைக்கு இன்று ஒரு கிலோ தக்காளி வராது. அப்படிப்பட்ட வீடு, குடியிருந்தவர் இறக்கும்போது கூடவே குடியிருந்த பிள்ளைக்குத்தான் போகும். கூட இல்லாத பிள்ளைக்குக் கிடையாது. அம்மா கடைசி மூன்று வருடம் பக்கவாதத்தில் படுக்கை. கரண்டி பிடிக்கவும் முடியாது, ஒரு வார்த்தை பேசவும் முடியாது. இன்ஷிரா புருஷனை விட்டுவிட்டு வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ஆனால் அடையாள அட்டையில் ஹெல்வானில் இருந்த புருஷன் வீட்டு விலாசத்தை மாற்றவில்லை. யாருக்கு அதெல்லாம் தோன்றும் அப்போது?

வீட்டுக்காரர் ஹாஜி குனைமுக்குத் தோன்றியது. அம்மா செத்த பிறகுதான் மகள் பெட்டியோடு வந்தாள் என்று வழக்குப் போட்டார். நாங்கள் எல்லோரும் போய்ச் சாட்சி சொன்னோம். நாங்களும் வாடகைக்காரர்கள்தானே, ஒரே படகில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருடைய வக்கீல் சொன்னார். நீதிபதி தலையாட்டினார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இடையில் ஹாஜி அடிக்கடி கோர்ட் ஆளை அனுப்பிக் கதவைத் தட்ட வைப்பார். திறக்க ஆள் இல்லையென்றால் "இங்கே குடியிருக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போவதற்கு. அதனால் இன்ஷிரா ஓர் இரவும் வெளியே தங்குவதில்லை. அலெக்சாந்திரியாவில் மகன் ஹைசமின் கல்யாணத்தில், மாப்பிள்ளை பொண்ணு மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து கடைசி ரயிலைப் பிடித்து வந்தவள். சம்பந்தி வீட்டார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். இப்போது அவளுக்கு ஒரு பேத்தி. போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

பாசிம் நாலு மாடி ஏறி வந்து அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். நானும் இருந்தேன். நல்ல பையன், கழுத்தைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருப்பார், சுரங்கத்தில் நடந்து பழகியவர். அவள் ஆபீஸ் சொல்லித்தான் வெளியே போகிறாள் என்று முத்திரை வைத்துக் கடிதம் தருவதாகச் சொன்னார். இன்ஷிரா அவருக்கு டீயில் மூன்றாவது கரண்டி சர்க்கரை போட்டாள்.

"முத்திரை எங்கிட்டயும் இருக்கு தம்பி. எங்கம்மா செத்ததுக்கு ஒண்ணு, எனக்கு விவாகரத்து ஆனதுக்கு ஒண்ணு. எதுவும் கதவைத் திறந்து 'ஆள் இருக்கு'ன்னு சொல்லாது."

"பஹிய்யா ரொம்ப நாள் ஒரே இடத்துல நிக்கக்கூடாதும்மா. நின்னா சுத்தி இருக்கற மண்ணு இறங்கும். கறிக்கடை இறங்கும்."

"இறங்கட்டும். அவன் போன பெருநாளைக்கு எனக்குக் கொழுப்பு மட்டும் கட்டிக் கொடுத்தான்."

பாசிம் ஹாஜியிடம் போனார். ஹாஜிக்கு வீடு ஃபைசல் பக்கம். ஆனால் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழாய், வாஷ்பேசின் விற்கும் கடை வைத்திருக்கிறார். காலை முதல் இரவு வரை அங்கேதான் இருப்பார். கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக மேலிருந்து கீழ்வரை ஒரு குழி விட்டிருக்கிறது. எங்கள் எல்லோருடைய சமையலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். அவருடைய கடையின் பின்கதவும் அதற்குள்தான். யார் வீட்டில் என்ன வதங்குகிறது, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குப் படியேறாமலே தெரியும்.

இந்த நாலு நாளும் கோர்ட் ஆளை அனுப்புவதில்லை, மாடிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஹாஜி சத்தியம் செய்தார். பாசிம் சந்தோஷமாக மேலே வந்து சொன்னார். எங்கம்மாவை அடக்கம் செய்த ஜனாஸாவிலும் அந்த மனுஷன் சத்தியம்தான் செய்தார், அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது என்றாள் இன்ஷிரா. பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"அவரும் ஹோட்டலுக்கு வரட்டும். என் கண்ணு முன்னாடி உக்காரட்டும். நான் இறங்கறேன்."

பாசிம் இதை ஆபீசில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. கடை மூடப்படும் வியாபாரி என்று ஹாஜிக்கும் ஓர் அறை ஒதுக்கினார்கள். ஹாஜி முதலில், என் வீட்டுக்கு அடியில் ஒண்ணும் ரயில் போகலையே, நான் எதுக்கு வரணும் என்று துள்ளினார். அவர் மனைவி மக்காவுக்கு உம்ரா போய் ஒரு வாரமாகிறது, அவர் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ பாசிம் காதில் போட்டார்கள். பாசிம் மறுபடி போய், இஷ்டத்துக்கு எடுத்துச் சாப்பிடும் விருந்து என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஹாஜி சாயங்காலம் பெட்டியோடு நின்றார்.

ஹோட்டலில் இன்ஷிரா செய்த ஏற்பாடு எளிமையானது. லிஃப்டும் வாசலும் தெரிகிற நாற்காலி ஒன்றைப் பிடித்தாள். ஹாஜி எங்கே உட்கார்ந்தாலும் அதற்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் நைலைப் பார்க்கப் போனால் இவளும் நைலைப் பார்த்தாள். தொழுகைக்குப் போனால் டாக்டர் ஷெனூதாவை வெளியே நிற்க வைத்தாள். அவர் கிறிஸ்தவர், அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை என்பது அவள் கணக்கு. அவள் குளிக்கப் போகும்போது என் முறை.

"டீச்சர், நீங்களுமா?" என்றார் ஹாஜி.

"நான் பேப்பர் படிக்கறேன் ஹாஜி."

"தலைகீழா வச்சிருக்கீங்க."

அவரும் சளைத்தவரில்லை. இவள் ஓர் இரவாவது நழுவி வீட்டுக்குப் போவாள், தெருவில் போட்ட தடுப்பைத் தாண்டியதற்குப் போலீஸ் பிடிக்கும் என்று எதிர்பார்த்திருந்தார் போல. அவரும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாட்கள் பார்த்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். ஹோட்டல் பையன் ஒருவன் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பழம் வெட்டி வைத்துவிட்டு, கோபித்துக்கொண்ட தம்பதி என்று நினைத்தேன் என்று பிறகு மன்னிப்புக் கேட்டான்.

மூன்றாம் நாள் மதியம், வெள்ளிக்கிழமை, பாசிம் எங்களோடு சாப்பிட வந்தார். பஹிய்யா எங்கள் கட்டடத்துக்கு அடியில் நுழைந்துவிட்டாள், கண்ணாடிகள் எதுவும் அசையவில்லை என்றார். போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அது மினுங்கும்போதெல்லாம் மெல்லுவதை நிறுத்தினார். அன்று ஹோட்டல்காரர்கள் முயலோடு முலூகிய்யா வைத்திருந்தார்கள். வழவழவென்று இருக்கும் எங்கள் கீரை, வெள்ளிக்கிழமை அது இல்லாமல் முடியாது. பெரிய வெள்ளித் தூக்கில் பளபளத்தது. ஹாஜி பேராசையோடு நாலு அகப்பை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"இது கீரையா?"

நன்றாகத்தானே இருக்கிறது என்றார் டாக்டர்.

"பல்லு புடுங்கறவருக்கு நாக்கு எதுக்கு? இதுல உசிரு இல்ல. பூண்டையும் கொத்தமல்லி விதையையும் நெய்யில தாளிச்சுக் கொட்டறப்போ, சமைக்கறவ ஒரு மூச்சு இழுக்கணும். 'ஹா'ன்னு. பயந்தவ மாதிரி. அது இல்லாம கொட்டினா இப்படித்தான், தாளிப்பு ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம். இங்க சமைச்சவன் ஆம்பளை. வாயை மூடிக்கிட்டுக் கொட்டியிருக்கான்."

அதெல்லாம் பழைய பேச்சு, ருசிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பாசிம் கேட்டிருக்க வேண்டாம். படித்த பையன், கேட்டுவிட்டார். ஹாஜிக்கு ஏறிவிட்டது. இன்ஷிராவைக் கையால் காட்டினார்.

"சம்பந்தமா? இவங்களைக் கேளு. மூணு வருஷம் எல்லா வெள்ளிக்கிழமையும் கடையில உக்காந்து கேட்டிருக்கேன். நாலாம் மாடியில இவங்க இழுக்கற மூச்சு குழி வழியா என் வாஷ்பேசினுக்குள்ள வந்து விழும். அப்புறம் அந்த வாசம். வாங்க வந்தவன் பேரம் பேசறதை விட்டுட்டு மேல பாப்பான். அதுதான் முலூகிய்யா."

"மூணு வருஷமா?" என்றாள் இன்ஷிரா. கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. "எந்த மூணு வருஷம் ஹாஜி? நான்தான் அம்மா செத்தப்புறம் அடுப்பையே பத்த வைக்கலையே. எனக்கு ஒருத்திக்கு எதுக்குக் கீரைன்னு கடையில வாங்கித்தான் தின்னேன்."

"அதைத்தான் சொல்றேன். நிறுத்திட்டீங்க. உங்கம்மா இருந்த வரைக்கும்—"

அங்கே நின்றார்.

"எங்கம்மாதான் மூச்சு இழுத்திருப்பாங்களோ?"

பேச்சே வராத, கரண்டி பிடிக்க முடியாத மனுஷி. மேஜையில் எல்லோரும் அதை நினைத்தோம். ஹாஜியும் நினைத்தார். டாக்டர் ஷெனூதா எலும்பு ஒன்றைத் தட்டின் ஓரத்தில் மிகவும் மெதுவாக வைத்தார், சத்தம் வந்தால் ஏதோ கலைந்துவிடும் என்பது போல. ஹாஜி ரொட்டியை மறுபடி எடுத்து, உசிரில்லாத அந்தக் கீரையைக் கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டார். நடுவில் எழுந்துபோனால் ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

இன்ஷிரா பாசிம் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க எங்களை மாதிரி வாடகைக்காரர் இல்லையே?"

"இல்லம்மா. எனக்கு அப்பாசிய்யால சொந்த வீடு."

"ஹாஜி சொன்னது காதுல விழுந்துச்சா?"

பாசிம் ஹாஜியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். போன் அந்த நேரம் பார்த்து மினுங்கவில்லை.

"விழுந்துச்சும்மா."

இனிப்பு வந்தது. ஹாஜி இரண்டாவது கிண்ணம் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் இன்ஷிரா, ஹோட்டலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஹாஜி எழுந்து வெளியே போனார், அரை மணி கழித்து வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பஹிய்யா எங்கள் கட்டடத்தைத் தாண்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அடியில் போய்விட்டாள். கட்டடம் மயிரிழையும் அசையவில்லை. படிக்கட்டுக் கண்ணாடிகளைக் கழற்றாமலே விட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் இறங்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்கிறோம்.

அடுத்த வாய்தாவுக்கு இன்ஷிராவின் வக்கீல் பாசிமைச் சாட்சியாகக் கூப்பிட்டார். சுரங்கத்தின் தலைமை இன்ஜினியர், முலூகிய்யா பற்றி சாட்சி சொல்ல, டை கட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஹாஜி தன் வக்கீலை ஓரமாக அழைத்துப் போனார். ஹஜ் செய்து வந்தவர், கூண்டில் ஏறிக் குர்ஆன் மேல் கை வைத்து, நான் எந்த மூச்சையும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் அவ்வளவு மோசமில்லை. வழக்கை வாபஸ் வாங்கினார். பாசிமைக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன். தயாராக வந்திருந்தார்.

ரயில் ஓட ஆரம்பித்த வாரம், ஒரு காலையில் இன்ஷிரா பெட்டியோடு படியிறங்கினாள். மெட்ரோவில் ராம்ஸேஸ் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து அலெக்சாந்திரியா ரயில். சாவியை என்னிடம் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க என்றாள். வாசல்வரை நானும் போனேன். ஹாஜி கடை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளையும் பார்த்தார், பெட்டியின் கனத்தையும் பார்த்தார்.

"தூரமா?"

"பேத்தியைப் பாக்க."

"ராத்திரி தங்குவீங்களா?"

"தங்குவேன்."

அவர் குழாயின் வாயில் ஊதித் தூசியைப் போக்கினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு இன்ஷிரா சுரங்கத்துக்குள் இறங்கும் படிகளை நோக்கி நடந்தாள்.